டாயில் கையில் இருந்த ரைஃபிள்

என் மச்சான் ஆர்விஸ் மான் உரிக்கிறவர். நவம்பர் வந்தால் ஒக்லஹோமாவில் எங்கள் ஊர்க்காரர்கள் சுட்ட மானை வண்டியில் போட்டுக்கொண்டு அவர் கொட்டகை முன்னால்தான் வரிசை கட்டுவார்கள். முழங்கைவரை ரத்தத்தோடு நின்றபடியே சாப்பிடுகிற ஆள். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் படு கறார். யார் கையில் கொடுத்தாலும் தோட்டா ஏற்றி இறக்குகிற தாழ்ப்பாளை, அந்த போல்ட்டை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிறவரும் தன் பங்குக்கு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். மறந்தால் மானம் போகிற மாதிரி திட்டுவார். எங்கள் ஊரில் எல்லோருக்குமே இது கை தானாகச் செய்கிற வேலை.

போன செப்டம்பரில் மாட்டுச் சந்தைக்குள் ஒருவன் ரைஃபிளோடு வந்தான். அந்த நாயின் பெயரை நான் சொல்ல மாட்டேன். அரசாங்கத்தின் மேல் போர் என்று இணையத்தில் எழுதிவைத்துவிட்டு வந்தவன். போலீஸ் அவனை ஏற்கெனவே பிடித்து விசாரித்துவிட்டு அனுப்பியிருந்தது. துப்பாக்கிக் கடைக்காரனும் அவன் கேட்டதை எடுத்துக் கொடுத்திருந்தான்.

முதல் குண்டு எலுமிச்சை ஜூஸ் விற்றவளின் கழுத்தில் பாய்ந்தது. ஏலம் கூவியவர் மைக்கோடு சரிந்தார். அவர் முனகியது ஒலிபெருக்கியில் சந்தை முழுக்கக் கேட்டது. அடிபட்ட கன்று ஒன்று குடலை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. ஜனங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் ஒரு டிரெய்லருக்கு அடியில் மண்ணைக் கவ்விக்கொண்டு கிடந்தேன்.

மச்சானோடு சின்ன வயதிலிருந்து வேட்டைக்குப் போகிற டாயில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து தன் இடுப்புத் துப்பாக்கியால் அவனைச் சுட்டான். அவன் குப்புற விழுந்தான். டாயில் ஓடிப்போய் ரைஃபிளைப் பிடுங்கி, தோட்டாப் பெட்டியைக் கழற்றி எறிந்தான். பிறகு, எங்களில் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தான். உள்ளே மிச்சம் இருந்த தோட்டாவை வெளியேற்ற போல்ட்டை இழுத்தான்.

அதே நேரம் தொழுவத்தைச் சுற்றிக்கொண்டு, பிணங்களைத் தாண்டி, கையில் துப்பாக்கியோடு மச்சான் ஓடி வந்தார். அவர் பார்த்தது ரைஃபிளோடு நின்ற ஒருவனின் முதுகை. கேட்டது போல்ட் இழுக்கிற சத்தத்தை. ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. அடுத்தடுத்துச் சுட்டார். டாயில் அந்தக் கொலைகாரன் மேலேயே விழுந்தான். காலால் புரட்டியபோதுதான் முகம் தெரிந்தது. மச்சான் வாயிலிருந்து வந்த ஓலம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அவர்மேல் வழக்குப் போடவில்லை. துப்பாக்கியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டாயிலின் மனைவி நெல்டா மட்டும் அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. "அவ என்னைக் காறித் துப்பினாக்கூடத் தேவலைடா" என்பார் என்னிடம். கத்தியை எடுப்பார், உடனே கீழே வைத்துவிடுவார். அந்த வருஷம் கொட்டகையைத் திறக்கவே இல்லை.

பிறகு புதிய சட்டம் பற்றிப் பேச தேவாலயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். போலீஸ் சந்தேகப்படுகிறவனுக்குத் துப்பாக்கி விற்கலாமா, கூடாதா என்று ஆரம்பித்த பேச்சு சீக்கிரமே தடம் மாறியது.

"டாயில்கிட்ட துப்பாக்கி இல்லன்னா நீயெல்லாம் இன்னிக்கு இங்க உக்காந்து பேசிட்டு இருப்பியா?" என்று கத்தினான் டிராக்டர் மெக்கானிக்.

"ஆர்விஸ்கிட்ட இல்லன்னா டாயில் உசுரோட இருந்திருப்பான்ல? அதைச் சொல்லுடா!" என்றார் பள்ளி வாத்தியார்.

இரண்டுமே உண்மை, அதுதான் கொடுமை. நாற்காலி பறந்தது. வாத்தியாரின் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். செத்தவனை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லோரையும் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

"ஆர்விஸ் அண்ணே, நீங்க எந்தப் பக்கம்? சொல்லிருங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

மச்சான் எழுந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நெல்டாவிடம் நேராகப் போனார். இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து, தோட்டாக்களைக் கழற்றி, இழுத்துக் காட்டி, அவளிடம் நீட்டினார்.

"இது இனி எனக்கு வேணாம் நெல்டா. நீ என்ன வேணா செஞ்சுக்கோ."

அவள் வாங்கினாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே, கை தானாக இழுத்துப் பார்த்தது. சளக்.

மச்சான் தரையில் விழுந்து தலையைப் பொத்திக்கொண்டார். "கீழ போடு! யாரா இருந்தாலும் கீழ போட்ரு!" என்று அலறினார்.

நெல்டா அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"காலிதான் ஆர்விஸ்" என்றாள். "அன்னைக்கு அவர் கையில இருந்ததும் காலிதான்."