கிளட்சில் ஊற்றிய சிவப்பு எண்ணெய்

என் நாத்தனாரின் கணவரை நான் ‘அண்ணே’ என்று கூப்பிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டு வருகிறேன். வாய் பழகிவிட்டது, மனம் இன்றுவரை பழகவில்லை. அவர்கள் வீடு செரண்டாவில். ஒரு தொழிற்சாலையின் சரக்குக் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். அட்டைப் பெட்டிகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஆனால் யாராவது காரின் பானட்டைத் திறந்துவிட்டால் போதும், இடுப்பில் கை வைத்து, உதட்டைப் பிதுக்கி, “ஹ்ம்” என்பார். அந்த ஒரு “ஹ்ம்”முக்கு எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லாரும் அடங்கிப் போவார்கள். அவர் கை வைத்த பிறகு ஒழுங்காக ஓடிய வண்டி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

என்னுடையது பழைய மேனுவல் கார். கோலசிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து நான் வேலை செய்யும் செம்பனை ஆலைக்குத் தினமும் அதில்தான் போய்வருகிறேன். ஆலை தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது, பஸ் கிடையாது. அங்கே ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் சோதிப்பது என் வேலை. எண்ணெயில் எவ்வளவு அமிலம், எவ்வளவு நீர், எவ்வளவு அழுக்கு என்று நாள் முழுக்க அளப்பேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்வார்களே தவிர, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங்கில் கிடைக்கும் நண்டும் இறாலும்தான் அவர்களை இழுத்து வருவது. கிளட்ச் பெடல் இரண்டு நாளாகக் கொஞ்சம் மெத்தென்று இறங்குகிறது என்று நான் என் கணவரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை அப்படியே அண்ணனிடம் ஒப்பித்துவிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது பானட் திறந்திருந்தது. கிளட்சுக்கான சின்ன எண்ணெய்க் குப்பிக்குள் ஒரு போத்தலின் கடைசிச் சொட்டுகளை அண்ணன் உதறிக்கொண்டிருந்தார்.

“என்னாண்ணே ஊத்துறீங்க?”

“எண்ணெ கொறஞ்சிருக்கும்மா. அதான் பெடல் லூசா இருக்கு. ஊத்திட்டேன். முடிஞ்சிச்சு.”

போத்தலை வாங்கிப் பார்த்தேன். பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய். தன் காரின் பின்பக்கப் பெட்டியில் எப்போதோ மிச்சம் வைத்திருந்தாராம்.

“அண்ணே, இது ஸ்டீயரிங் எண்ணெ. கிளட்சுக்குப் பிரேக் ஆயில்தான் ஊத்தணும். மூடியிலயே போட்டிருக்கு, பாருங்க.”

“எல்லாம் ஹைட்ராலிக்தான்லா. எண்ணெக்கு என்னா ஜாதியா இருக்கு?”

என் கணவர் சிரித்தார். அண்ணன் எது சொன்னாலும் அவருக்குச் சிரிப்பு வரும். எட்டு மணி நேரம் எண்ணெயின் ஜாதியைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் பக்கத்தில் நிற்கிறாள் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. ஆலையிலிருந்து ஒரு ஊசிக்குழலை எடுத்துவந்து அன்றே எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. விருந்தாளி முகம் கோணக்கூடாது என்று உள்ளே போய்ச் சோறு பரிமாறினேன். அவரைப் பற்றி நான் எழுதும் எல்லாவற்றிலும் என் பங்குக் குற்றம் இதுதான்.

பெடல் நாளுக்கு நாள் கனத்தது. அமுக்கினால் மேலே வர யோசித்தது. மூன்றாவது ஞாயிறு அவர்கள் மறுபடியும் வந்தார்கள். ஆண்கள் இருவரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிட, நானும் நாத்தனாரும் மீன் வாங்கக் கிளம்பினோம். வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆற்றுப் பாலத்தின் மேல் நெரிசல். நின்று நின்று நகர்ந்தோம். நடுப்பாலத்தில் பெடலை அமுக்கினேன். அது தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கால் விரலைக் கீழே கொடுத்துத் தூக்கினேன். மேலே வந்தது. மறுபடி அமுக்கினால் வெறுங்காற்றை மிதிப்பதுபோல் இருந்தது. வண்டி குதித்து நின்றுவிட்டது.

பின்னால் ஐஸ் ஏற்றிய லோரி ஹாரனை விடாமல் அடித்தது. நாத்தனார் மீன் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, “இறங்கித் தள்ளவா?” என்றார்.

“வேணாம் அண்ணி. கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”

முன்னால் கொஞ்சம் இடம் விழும்வரை காத்திருந்து, முதல் கியரில் போட்டபடியே சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை இழுத்துக்கொண்டு நாலைந்து முறை துள்ளியது. பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. “ஐயோ வெடிச்சிறப் போவுது!” என்று அண்ணி கத்தினார். வெடிக்கவில்லை. ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை லேசாக எடுத்து, கியரை மெல்ல இழுத்து இரண்டாவதில் போட்டேன். அதற்குமேல் மாற்றவில்லை. சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறைத்து, அது பச்சையாகும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, எங்கும் நிற்காமல் வீட்டு வாசலில்தான் நிறுத்தினேன்.

இறங்குவதற்கு முன் அண்ணி தாழ்ந்த குரலில் சொன்னார்: “அன்னிக்கு இவரு ஊத்துனாரே, அதனாலயா?”

“ஆமா அண்ணி.”

“எங்க வீட்டு வாஷிங் மெஷின முடிச்சதும் இவருதான். தண்ணி பம்பையும் இவருதான். நான் யார்கிட்டயும் சொல்றதில்ல.”

சொல்லாமல் இருப்பதை ஏதோ விரதம் போலச் சொன்னார். எனக்கு அவர் மீதும் எரிச்சல் வந்தது.

அண்ணன் வெளியே வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை. “ஹ்ம்.” பிறகு தீர்ப்பு: “கிளட்ச் தட்டு போச்சு. கியர்பாக்ஸ இறக்கணும். எனக்குத் தெரிஞ்ச போமன் இருக்கான், நான் சொன்னா உடனே செய்வான்.” மெக்கானிக்கை எங்கள் பக்கம் போமன் என்பார்கள். அண்ணனுக்குத் தெரிந்த போமன்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். எல்லாரும் இவர் சொன்னதை மட்டுமே நம்புகிறவர்கள்.

அவர்கள் போன பிறகு குப்பியின் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த ரப்பர், எண்ணெயில் போட்ட அப்பளம்போல் ஊதி நெளிந்திருந்தது. கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் உறிஞ்சி எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். மறுநாள் காலை அது இரண்டாகப் பிரிந்திருந்தது: கீழே பழுப்பாகப் பிரேக் ஆயில், மேலே அண்ணனின் சிவப்பு. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். “அண்ணன்கிட்ட காட்டாத, மனசு கஷ்டப்படுவாரு” என்றார்.

அந்த வாரம் முழுக்க என் கணவரின் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனேன். தோட்டத்துச் செம்மண் என் உடம்பெல்லாம் படிந்தது. உதிரிப்பாகக் கடைச் சீனர் நான் கொண்டுபோன ரப்பரை விரலால் நசுக்கிப் பார்த்து, யார் இந்த வேலையைச் செய்தது என்று மலாயில் கேட்டார். சொந்தக்காரர் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அலமாரிப் பக்கம் திரும்பினார். பெடலோடு இணையும் மேல் பம்பு, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் கீழ் பம்பு, இடையில் ஓடும் ரப்பர் குழாய், மூன்றையும் எடுத்து வைத்தார். அந்த எண்ணெய் பட்ட ரப்பர் எதையும் நம்பாதே என்றார்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். ஆலையின் ஃபிட்டர் ஒருவர் ஒவ்வொரு படியாகச் சொல்லியிருந்தார். மேல் பம்பைப் பெடலோடு இணைக்கும் ஊசியைக் கழற்ற, ஓட்டுநர் இருக்கையில் தலைகீழாகக் கிடந்து, தலையைப் பெடல்களுக்கு நடுவே நுழைக்க வேண்டியிருந்தது. அந்த நிலையில் இருந்தபோதுதான் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. கியர்பாக்ஸை இறக்காமலே நான் செய்யப் போகிறேன் என்று என் கணவர் போனில் சொல்லியிருக்கிறார். வேடிக்கை பார்க்கச் செரண்டாவிலிருந்து வந்துவிட்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, காப்பி குடித்தபடி, நான் எடுக்கும் ஒவ்வொரு ஸ்பேனரும் தவறு என்றார். ஒன்றுகூடத் தவறாக இருக்கவில்லை.

பழைய பம்புகள் வெளியே வந்தன. இரும்புக் குழாயைக் கிளீனர் அடித்துக் கழுவினேன். புதியவற்றைப் பூட்டி, சரியான ஆயிலை ஊற்றினேன். இனி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழ் பம்பின் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். என் கணவர் குப்பியில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். மிதிக்க மிச்சம் இருந்த கால் அண்ணனுடையது.

“அண்ணே, அமுக்கிப் பிடிங்க. நான் ‘விடுங்க’ன்னு சொல்ற வரைக்கும் விடக்கூடாது.”

“இது தெரியாதா எனக்கு.”

திருகைத் திறந்தேன். குமிழியும் ஆயிலும் வந்தன. மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டார். வெளியே போன காற்று திரும்ப உள்ளே போனது.

“விட்டுட்டீங்க.”

“நீ சொன்னியே.”

“நான் வாயே தொறக்கல.”

ஏழு முறை. ஒரு மனிதரால் ஒரு காலை அசையாமல் வைத்திருக்க முடியவில்லை. கடைசியில் காருக்கு அடியிலிருந்து, “அண்ணே, ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் சத்தமா எண்ணுங்க. பத்து வந்தாத்தான் கால எடுக்கணும்” என்றேன். எண்ணினார். அட்டைப் பெட்டி எண்ணும் பழக்கம் உதவியது. குமிழிகள் நின்றன. பெடல் பாதியிலேயே கெட்டியாகப் பிடித்தது. தாமானை ஒரு சுற்று ஓட்டிவந்தேன். கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

அடுத்த மாதம் கலும்பாங்கில் உறவினர் ஒருவரின் புதுமனை புகுவிழா. மதியச் சாப்பாட்டில் அண்ணன் ஆண்கள் வரிசையின் நடுவில் உட்கார்ந்து, என் கிளட்சைச் சரிசெய்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “அது பாவம், பொம்பளப் புள்ள, சின்னச் சின்ன வேலையெல்லாம் செஞ்சுச்சு. முக்கியமானத நான் பார்த்துக்கிட்டேன்.” நான் தயிர் வாளியோடு அந்த வரிசைக்கு வந்திருந்தேன்.

“அண்ணே, ஸ்டீயரிங் எண்ணெய ஊத்தி அதக் கெடுத்தது யாருன்னும் சேர்த்துச் சொல்லுங்க” என்றேன்.

வரிசையில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “ஸ்டீயரிங் எண்ணெயா? கிளட்சுலயா?” என்று சத்தமாகக் கேட்டார். எல்லாரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் இலையைப் பார்த்தபடி ஊறுகாயை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார். அண்ணி எதிர் வரிசையில் தலை குனிந்திருந்தார், தோள்கள் குலுங்கின. அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு.

திரும்பும் வழியில் ஈஜோக் தாண்டியபோது என் கணவர், “நாலு பேரு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்க வேணாம். அவரு முகத்தப் பார்த்தியா?” என்றார்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். வீடு வருவதற்குள் பரிதாபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.