மத்தியான வெயிலில் அளந்த மலை

எழுபதுகளின் கடைசியில் நான் மலைகளை அளக்கும் வேலையில் இருந்தேன். சொன்னால் பெரிதாகத் தெரியும். வரைபடம் போடும் ஓர் அரசு அலுவலகத்தில் அளவையாளன், அவ்வளவுதான். மதுரையைச் சுற்றியிருக்கும் மலைகளின் உயரங்கள் பழைய வரைபடத்தில் வெள்ளைக்காரன் காலத்து எண்களாகவே கிடந்தன. அவற்றைச் சரிபார்க்க ஒரு குழுவை அனுப்பினார்கள். குழுவில் இருந்த அளவையாளர்களில் நான்தான் இளையவன், இருபத்தாறு வயது. எனக்குக் கண் கூர்மை என்று அலுவலகத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் ரொம்பவும் நம்பினேன்.

எங்கள் வீடு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். மொட்டை மாடியில் நின்றால் யானைமலை தெரியும். அதை அளந்து முடித்த வாரத்தில் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களை மாடிக்குக் கூட்டிப் போய், இது எம் பையன் அளந்த மலை என்று காட்டியிருக்கிறாள். எனக்குக் கூச்சமாக இருந்தாலும் உள்ளூரப் பெருமைதான்.

மலையின் உயரத்தை அளக்கக் கயிறோ கோலோ உதவாது. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டு உயரம் தெரிந்த ஓர் இடம் முதலில் வேண்டும். ரயில் நிலையங்களிலும் பாலங்களின் ஓரத்திலும் அப்படிப்பட்ட அடையாளக் கற்கள் உண்டு. அதிலிருந்து தொடங்கி ஒரு குன்றின் உச்சிக்கு உயரத்தைக் கொண்டுபோவோம். அந்தக் குன்றில் தியோடலைட் என்ற கோணம் பார்க்கும் கருவியை நிறுத்தி, தூரத்து மலையின் உச்சியை எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்று குறிப்போம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரமும் தெரிந்துவிட்டால் மிச்சம் கணக்குதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. காற்று ஒளியை வளைக்கும். விடியும்போது பார்த்தால் மலை நிஜத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து தெரியும். வெயில் ஏற ஏற இறங்கும். அந்த வளைவு குறைந்து ஒரு நிலைக்கு வருவது நடுமத்தியானத்தில், பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள். அதனால் உயரம் பார்க்கும் வேலையை அந்த மூன்று மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். மனிதர்கள் நிழலுக்கு ஒதுங்கும் நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம்.

தூரத்து உச்சி தியோடலைட்டின் தொலைநோக்கியில்கூடத் தெளிவாகத் தெரியாது. அங்கே ஓர் ஆள் வட்டக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு சூரிய வெளிச்சத்தை எங்கள் பக்கம் திருப்பிவிட வேண்டும். முப்பது மைல் தள்ளியிருந்தாலும் அது நட்சத்திரம் மாதிரித் தெரியும். சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால் கண்ணாடியை இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பிக் கொடுக்காவிட்டால் வெளிச்சம் விலகிவிடும். ஆகவே கண்ணாடிக்காரர் கண்ணாடியை விட்டு நகர முடியாது.

எங்கள் குழுவின் கண்ணாடிக்காரர் எழுமலைக்காரர். நாற்பதைத் தாண்டியவர். அவர் அப்பாவும் தாத்தாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர் மட்டும் எப்படியோ எங்கள் அலுவலகத்தில் தற்காலிக ஆளாகச் சேர்ந்து, பதினைந்து வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தார். அதிகம் பேச மாட்டார். கண்ணாடியைப் பிடித்தால் வெளிச்சம் ஆணி அடித்தது மாதிரி நிற்கும். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அலுவலகத்தில் கடைநிலை ஆட்களை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். என்னைவிடப் பதினாறு வயது பெரியவர் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த வைகாசியில் எழுமலைக்கு மேற்கே இருக்கும் மலை ஒன்றை அளக்க வேண்டியிருந்தது. நான் நாகமலையின் மேற்குக் கோடியில் தியோடலைட்டோடு இருப்பேன். அவர் அந்த உச்சியில் கண்ணாடியோடு இருப்பார். உச்சிக்கு எப்போதும் இரண்டு பேரை அனுப்புவது வழக்கம். ஒருவர் கண்ணாடியைப் பார்க்க, மற்றவர் தண்ணீருக்கும் சமையலுக்கும். அந்த முறை என் தியோடலைட் பெட்டியைச் சுமக்கும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். உச்சிக்குப் போக வேண்டிய இரண்டாவது ஆளை நான் என்னோடு வைத்துக்கொண்டேன். ஒரு நாள் வேலைதானே, தனியாகச் சமாளிப்பீரா என்று கேட்டேன்.

"எங்க ஊரு மலைதான சார், பாத்துக்கிறேன்" என்றார். ஒரு குடம் தண்ணீரோடு ஏறினார். மேலே ஒரு ஊற்று உண்டு, கோடையில் வற்றிவிடும் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எங்களுக்குள் சில சைகைகள் இருந்தன. என்னிடமும் அதே மாதிரி ஒரு கண்ணாடி உண்டு. அதை நான் மூன்று தரம் மூடித் திறந்தால், வெளிச்சம் ஆடுகிறது, நிறுத்திப் பிடி என்று அர்த்தம். நீளமாக மூடி வைத்து ஒரே தரம் திறந்தால், வேலை முடிந்தது, இறங்கலாம். அந்தச் சைகை வராமல் கண்ணாடிக்காரர் இறங்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பாதியில் இறங்கினால் மொத்த உழைப்பும் வீண்.

முதல் நாள் புழுதி மூட்டம். மேற்கே மலை இருப்பதே தெரியவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. சாயங்காலம் எங்கள் பக்கம் ஒரு கோடை மழை பெய்தது. பாறைக்குழியெல்லாம் நிறைந்தது. அந்தப் பக்கமும் பெய்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். மேற்கே மேகம் இல்லாததை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் காலையில், கூட இருந்த ஆளைத் தண்ணீர், அரிசியோடு எழுமலைக்கு அனுப்பினேன். பஸ் பிடித்து, நடந்து, மலை ஏறிப் போய்ச் சேர அவருக்குச் சாயங்காலம் ஆகிவிடும் என்று தெரியும். மழை கழுவிவிட்ட வானம் அன்றைக்கு அவ்வளவு தெளிவு. சதுரகிரிப் பக்கத்து முகடுகள்வரை வரிவரியாகத் தெரிந்தன. பன்னிரண்டு மணிக்கு அவருடைய வெளிச்சம் வந்தது. உடனே தியோடலைட்டை அதன்மேல் திருப்பினேன்.

முதல் அரை மணி நேரம் வெளிச்சம் நன்றாக நின்றது. பிறகு ஆட ஆரம்பித்தது. மங்கும், காணாமல் போகும், திரும்ப வரும். தூங்கிவிட்டாரோ, பீடி பற்றவைக்கப் போனாரோ என்று எரிச்சல் வந்தது. மூன்று தரம் மூடித் திறந்தேன். வெளிச்சம் வந்தது. பத்து நிமிஷத்தில் மறுபடி போயிற்று. மறுபடி சைகை கொடுத்தேன். மறுபடி வந்தது. இப்படியே ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு தரமும் நான் கூப்பிட்டபோது அவர் எழுந்து வந்தார். இரண்டே காலுக்கு மேல் எத்தனை தரம் கூப்பிட்டும் வெளிச்சம் வரவில்லை. நான் அவரைத் திட்டிக்கொண்டே ரீடிங் நோட்டை மூடினேன்.

தண்ணீர் கொண்டுபோன ஆள் போனபோது அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் பாறையில் கிடந்திருக்கிறார். உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டதாம். வியர்வையே இல்லை. கீழே ஆடு மேய்த்தவர்களைக் கூப்பிட்டுத் தூளி கட்டித் தூக்கி இறக்கினார்கள். உசிலம்பட்டியில் பார்த்துவிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில்தான் எனக்குச் செய்தி வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றார். ஐந்து நாள் கழித்துக் கண்ணாடிக்காரருக்கு நினைவு திரும்பியது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். ஆனால் அந்தச் சூடு மூளையில் நடையையும் பேச்சையும் பிடித்து வைத்திருக்கும் இடத்தைக் கெடுத்துவிட்டது, இனி எந்த அளவுக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

அது திரும்பவேயில்லை. பேச்சு இழுத்து இழுத்து வந்தது. டம்ளரை எடுக்கப் போனால் கை அதைத் தாண்டிப் போய்விட்டு வரும். காலை அகட்டி வைத்து, இரண்டு பக்கமும் சாய்ந்து நடந்தார். வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத மனிதர். எழுமலை பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர்கள் அவரைப் பார்த்து, பகலிலேயே குடித்துவிட்டு வருகிறான் என்று ஒதுங்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்தில் விசாரணை என்று ஒன்று நடந்தது. பணியின்போது உடல்நலக் குறைவு என்று மேலதிகாரி ஒரு வரி எழுதிக் கொடுத்தார். உச்சியில் ஒரே ஆள் இருந்தது அதில் இல்லை. தண்ணீர் இல்லாததும் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். அவர் தற்காலிக ஆள் என்பதால் அதோடு வேலை போயிற்று. காவல்காரர் வேலையாவது கொடுங்கள் என்று இரண்டு தரம் மனு எழுதினேன். தகுதி இல்லை என்று இரண்டு தரமும் பதில் வந்தது.

அந்த மழைக்காலம் முடிந்த பிறகு முதன்முதலாக அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் நேரே அந்த மலைதான். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி பருத்தி எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். காப்பி கொடுத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி தீந்துபோச்சுன்னா எறங்கி வர வேண்டியதுதானன்னு இவர எத்தன தடவ கேட்டுட்டேன் சார். சார் சிக்னல் குடுக்கலங்கிறாரு. நீங்க ஏன் குடுக்கல?"

வானம் தெளிந்துவிட்டது, ரீடிங் கிடைத்துவிடும் என்று நினைத்தேன் என்றேன்.

"அவருகிட்ட தண்ணி இருக்குமான்னு நெனைக்கலயா?"

"நெனைச்சேன்" என்றேன்.

அவர் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெளியே வரவில்லை.

கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். வார்த்தை வார்த்தையாகக் கேட்டார், அன்றைக்குக் கணக்கு சரியாக வந்ததா என்று. நிஜத்தில் அன்றைக்கு எடுத்த எதுவும் தேறவில்லை. ஒரு ரீடிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே அவ்வளவு வித்தியாசம். மொத்தத்தையும் குறுக்கே கோடு போட்டுத் தள்ளிவிட்டார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? வந்துச்சு அண்ணே, சரியா வந்துச்சு என்றேன். அண்ணே என்ற சொல் அன்றைக்குத்தான் என் வாயிலிருந்து முதலில் வந்தது.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு இழுத்து இழுத்துச் சொன்னார். "பொய் சொல்லாதீங்க சார். அம்புட்டு ஆட்டத்துல ஒன்னும் வந்துருக்காது. எனக்குத் தெரியும்ல. கையி நிக்கல."

அதில் கோபம் இல்லை. தன் வேலை கெட்டுப்போனதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது உசிலம்பட்டிவரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாசியில் வேறொரு அளவையாளர், வேறு கண்ணாடிக்காரரை வைத்து அந்த மலையை அளந்து முடித்தார். இரண்டே நாளில் வேலை முடிந்தது. புதிய உயரத்துக்கும் வெள்ளைக்காரன் காலத்து எண்ணுக்கும் வித்தியாசம் என் முழங்கால் அளவுகூட இல்லை. நான் வெளி வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கணக்குப் பிரிவில் மேஜை வேலைக்கு மாறினேன். அம்மாவுக்கு அது புரியவில்லை. மாடிக்கு யாராவது வந்தால் யானைமலையைக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான் அவளிடம் நடந்ததைச் சொல்லவில்லை.

அவர் வீட்டுக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் போய் வந்தேன். அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். எந்தெந்த மலையை அளந்தார்கள் என்று கேட்பார், சொல்வேன். சிறுமலை, அழகர்மலை என்று அவர் நின்ற உச்சிகளையெல்லாம் ஒன்றொன்றாகச் சொல்லிப் பார்ப்பார். அளவைக் குறியாகப் பாறையில் வெட்டிய வட்டமும் நடுப்புள்ளியும் எந்த மலையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுவரை நினைவு இருந்தது. அவர் மனைவி காப்பி கொடுப்பார். என்னோடு பேச மாட்டார்.

எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசியில், வீட்டுப் படியில் கால் தடுமாறி விழுந்து, எழுந்திருக்காமலே இறந்துபோனார். எனக்குத் தெரிந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. போனேன். அவர் மனைவி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. சாவு எப்படி நடந்தது என்று சுருக்கமாகச் சொன்னார். கடைசி வரைக்கும் உங்களைக் குறை சொல்லவில்லை என்றும் சொன்னார். பிறகு, அந்த வருஷங்களில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இனிமே வராதீங்க சார். அவரு இருந்தாரு, வந்தீங்க. அவருக்கு நீங்க வந்தா சந்தோசம். அதான் நான் ஒன்னும் சொல்லல. நான் அந்த மலையத் தெனமும் பாத்துத்தான் ஆகணும், வாசல்லயே நிக்குது. உங்களையும் பாக்கணும்னு எனக்கு என்ன இருக்கு?"

சரிம்மா என்றேன். வாங்கிப் போன பழத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அதன் பிறகு எழுமலைக்கு நான் போகவில்லை.