தீக்கோபுரத்தில் ஆஸ்கெய்ர்

ஓலசுண்ட் துறைமுகத்தில் படகுகளுக்குச் சாயம் பூசும் ஆஸ்கெய்ருக்கு உயரம் என்றால் குலை நடுங்கும். நாற்பத்து நான்கு வயதுவரை அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. வருடாவருடம் கோடை நடுநாள் திருவிழாவில் கொளுத்தும் தீக்காகக் கடல்முனையில் சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளை அடுக்கிக் கோபுரம் கட்டும்போது, அவன் கீழே நின்று தட்டுகளை எடுத்துக் கொடுப்பான். மேலே கூப்பிட்டால், "முட்டி வலிக்குதுப்பா" என்பான். பத்தொன்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது.

அந்த வருடம் கோபுரம் பத்து மாடி உயரம். உச்சிப் பீப்பாய்களுக்குத் தீ வைக்க ஏறியவள் தோர்டிஸ், கூரைகளுக்குத் தச்சு வேலை செய்பவள். வடதுருவத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால் இரவு ஒன்பதரைக்கும் வெயில் இறங்கவில்லை. சுற்றிலும் நின்ற படகுகள் சங்கு ஊதின. பீப்பாய்கள் பற்றிக்கொண்டன. அவள் தட்டுகளின் இடுக்குகளில் கால்வைத்துச் சரசரவென்று இறங்கினாள்.

பாதி வழியில் காற்று திரும்பியது. மேலே கட்டியிருந்த அவளுடைய இடுப்புக் கயிறு தீயில் அறுந்து, தோளை உரசிக்கொண்டு கீழே விழுந்தது. அதோடு நின்றுவிட்டாள். கை, கால் எதுவும் அசையவில்லை. தணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இறங்குடீ! என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று குழுத் தலைவன் ஹென்னிங் கத்தினான். ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

அவள் காதில் எதுவும் ஏறாது என்று ஆஸ்கெய்ருக்கு மட்டும் தெரிந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுவரின் அவசர ஏணியில் ஒரு மணி நேரம் அவனும் அப்படி ஒட்டிக்கொண்டு நின்றவன்தான். யோசிக்க நேரம் கொடுத்தால் போகமாட்டோம் என்று பயந்து, ஏறத் தொடங்கினான்.

நான்கு மாடி உயரத்தில், தட்டுகளின் இடைவெளி வழியாகக் கீழே கடல் தெரிந்ததும் கால்சட்டை நனைந்தது. கண்ணை மூடினான். கையால் தடவித் தடவி ஏறினான். கடைசியில் அவளுடைய காலணி கையில் தட்டுப்பட்டது.

"தோர்டிஸ், நான்தான், ஆஸ்கெய்ர்."

"முடியலை... என்னால முடியலை."

"எனக்கும்தான். ஒண்ணுக்கே போயிட்டேன், தெரியுமா?"

மேலிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"கீழ பாக்காத. இந்தக் காலை மட்டும் என்கிட்ட குடு. நான் வைக்கிற இடத்துல வை. அவ்வளவுதான்."

அவள் வலது காலை எடுத்து இடுக்கில் வைத்தான். பிறகு இடது கால். ஒரு தணல் அவன் கழுத்தில் விழுந்து சுட்டது. கையை எடுத்துத் தட்டிவிட அவனுக்குத் தைரியமில்லை. அது தானாக அணையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான். அப்படியே, ஒவ்வொரு காலாக, இருவரும் தரைக்கு வந்தார்கள். பாறையைத் தாண்டி ஓடிய சற்று நேரத்தில் கோபுரத்தின் மேற்பாதி சரிந்து கடல்பக்கம் விழுந்தது.

ஹென்னிங் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். "முட்டி வலின்னு இத்தனை வருஷம் ஏமாத்தினியேடா!"

"வலி இல்லை. பயம்," என்றான் ஆஸ்கெய்ர்.

யாரும் கேலி செய்யவில்லை. தோர்டிஸ் தன் மேல்சட்டையைக் கழற்றி அவன் இடுப்பில் கட்டிவிட்டாள்.

அடுத்த வருடம் தீ வைக்க அவளே மறுபடி ஏறினாள். ஆஸ்கெய்ர் வழக்கம்போலக் கீழே தட்டு எடுத்துக் கொடுத்தான். ஆனால் இந்த முறை பயம் அவளுக்காக; அவள் இறங்கி முடிக்கும்வரை அவனால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை.