கஞ்சி காயுமுன் ஒரு ஜெபம்

டிரெயினிங் முடித்து, சங்கரன்கோவிலில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக வந்து சேர்ந்த புதிதில் என்னை ஒரே ஒரு கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. ஆண்டவரைப் பற்றிப் பேசினால் ஜனங்கள் ஏன் நின்று கேட்பதில்லை?

எங்கள் சபையின் வயதான உபதேசியாரோடு சந்தைக்குப் போவேன். அவர் பிரசங்கிப்பார். நான் கூட்டத்தின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகங்கள் கேட்பதுபோல இருக்கும். கால்கள் மட்டும் அங்குலம் அங்குலமாக நகரும். தென்காசி ரயில் ஊதினால் முன்வரிசையே காலி. எத்தனை நிமிஷம் நிற்கிறார்கள், எந்த வார்த்தையில் கிளம்புகிறார்கள் என்றெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். உபதேசியார் அதைப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம்தான் நெசவாளர் தெருவைக் கண்டுபிடித்தேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் அங்கே பாவு விரிப்பார்கள். தறியில் ஏறப்போகிற நூலையெல்லாம் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இருபுறமும் ஆட்கள் நின்று பெரிய நார் பிரஷ்ஷால் நீவிக்கொண்டே போவார்கள். ஒருவரும் இடத்தைவிட்டு அசைவதில்லை. கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. ஓடிப்போக முடியாத ஒரு சபை தினமும் காலையில் தானாகவே கூடுகிறது! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

உபதேசியாரும் அங்கே பேசியிருக்கிறார் என்று தெரிந்தது. ஆனால் ஜெபம் பண்ணுவதில்லையாம். பேசுவார், கும்பிடு போடுவார், வந்துவிடுவார். எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிற நான், ஏன் ஜெபம் பண்ணுவதில்லை என்று மட்டும் கேட்கவில்லை. கிழவருக்கு உற்சாகம் குறைந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, தனியாகவே போனேன். தெருக்கோடி வீட்டுக்காரருடைய பாவு அன்றைக்கு. நாற்பது வயதிருக்கும். எதிர்ப்புறம் அவர் மனைவி. ஒத்தாசைக்கு அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர்.

"வாரும் வாத்தியாரே. சும்மா நிக்கதுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும், கேட்டுக்கிட்டே நீவுதோம்" என்றார் அவர்.

நான் பேசினேன். ஒருவர் காலும் நகரவில்லை. "அப்படிச் சொல்லும்!" என்று யாரோ குரல் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தை போதும், எனக்கு றெக்கை முளைத்துவிட்டது. "எல்லாரும் தலைகுனிந்து கண்களை மூடுவோம்" என்றேன், எங்கள் சபைக் கோயிலில் சொல்லுவதுபோலவே.

சாமி கும்பிடும்போது கையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது அந்தத் தெருவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை. பிரஷ்களைக் கீழே வைத்தார்கள். கஞ்சிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கும்பிட்டு நின்றார்கள். என் சாமியா, அவர்கள் சாமியா என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை.

நான் தேசத்துக்காக ஜெபித்தேன். அதிகாரிகளுக்காக, மழைக்காக, நோயாளிகளுக்காக ஜெபித்தேன். கோர்ட்டில் வழக்கு நடத்துகிறவர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. வார்த்தைகள் ஆற்று வெள்ளமாக வந்தன. சூரியன் கூரைக்கு மேலே ஏறியதும், மேல்காற்று தெருவுக்குள் நுழைந்ததும் மூடிய கண்ணுக்கு எப்படித் தெரியும்? பிரயாணம் செய்கிறவர்களுக்காக ஜெபிக்கிற கட்டத்துக்கு வந்திருந்தேன்.

"ஏ, கண்ணைத் தொறங்க! நூலு காயுது!"

வீட்டுக்காரரின் மனைவி. எல்லாரும் பாய்ந்து பாவைத் தொட்டார்கள். நடுவில் பத்து முழம், காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. இழைகள் ஒட்டிப் பட்டையாகிவிட்டன. நீவுகிற கை நின்றால் இப்படி ஆகும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"போச்சு. கண்ட்ரோல் நூலு, அளந்துதான் குடுப்பான். இது அத்துப்போச்சுன்னா வேற நூலுக்கு எங்கன போவேன்? தறி சும்மால்லா கெடக்கும்" என்றார் அவர். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, நான் என்ன செய்யணும்?"

"தண்ணியத் தெளிச்சு, ஒவ்வொரு இழையாப் பிரிக்கணும். நகத்தால இழுத்துராதயும். மெள்ள."

உட்கார்ந்தேன். எதிரே அவர் மனைவி. ஈரத் துணியால் நனைத்து, விரல் நுனியால் இழை இழையாகப் பிரித்தோம். முதல் பத்து இழையில் மூன்றை அறுத்தேன். அவள் முடிபோட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"உங்க சாமிக்கு இம்புட்டு நேரம் சொன்னாத்தான் கேக்குமா?"

"இல்ல மதினி. சொல்லாமலே தெரியும்."

"பொறவு எதுக்குய்யா சொல்லுதீரு?"

பக்கத்து வீட்டுக்காரர், "நம்ம பாவு ஒட்டணும்லா, அதுக்குத்தான்!" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கேள்வி அங்கேயே நின்றது. டிரெயினிங்கில் படித்த பதில்கள் எதுவும் கையில் ஈர நூலோடு இருக்கும்போது வாயில் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். எனக்கு ஐந்து வயதில் காலரா வந்தது. பிழைக்கமாட்டேன் என்று பாயில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் கஞ்சி கேட்டேனாம். "அதிலேருந்து எனக்குச் சும்மா இருக்க முடியல மதினி. யார்கிட்டயாவது அவரைப் பத்திச் சொல்லணும்னு இருக்கு."

அவள் விரல்கள் நின்றன.

"எம் பொட்டப்புள்ளையும் காலராவுலதான் போச்சு. மூணு வயசு. அதுவும் கஞ்சி கேட்டுச்சு."

மறுபடியும் இழையைப் பிரிக்க ஆரம்பித்தாள். நானும் குனிந்து அடுத்த இழையை எடுத்தேன். நான் பேசாமலிருந்தது என் வாழ்க்கையிலேயே அப்போதுதான் என்று நினைக்கிறேன். நான் பிழைத்ததைச் சாட்சியாகச் சொல்கிற இடத்தில் இன்னொருத்தியின் பிள்ளை பிழைக்காமல் போயிருக்கலாம் என்பதை என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் நான் எழுதியிருக்கவில்லை.

வெயில் முதுகில் ஏறியபோது கடைசிப் பட்டையும் பிரிந்தது. அறுந்த இழைகளுக்கெல்லாம் அவள் முடிபோட்டிருந்தாள். வீட்டுக்காரர் கோடியிலிருந்து கோடிவரை நடந்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "தறிக்கு ஏறிரும்" என்றார். எழுந்து கிளம்பினேன்.

"எங்க போறீரு? சாமி காரியத்தைப் பாதியில விட்டுட்டுப் போகப்படாது. முடிச்சுட்டுப் போம்" என்றார் வீட்டுக்காரர்.

"கையிலே பிரஷ்ஷை வச்சுக்கிட்டே நில்லுங்க. கண்ணை மூடவேண்டாம்" என்றேன்.

"அது மரியாதையாய்யா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அவர் தப்பா நெனைக்கமாட்டார்."

அவள் மெதுவாக, "எம் மவளையும் சேத்துச் சொல்லும்" என்றாள். பேர் கேட்டேன். சொன்னாள்.

மறுபடியும் பிரஷ்கள் நகர ஆரம்பித்தன. நான் நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஆண்டவரே, இந்தப் பாவைக் காப்பாத்தினீர், ஸ்தோத்திரம். இந்த அம்மாவோட பிள்ளையை நீர் அறிவீர். எனக்கு ஒண்ணும் தெரியல. ஆமென்." நடுவிலே பிள்ளையின் பேரையும் சொன்னேன்.

"இம்புட்டுத்தானா?" என்றார் வீட்டுக்காரர், ஏமாந்தவர் மாதிரி.

அவர் மனைவி குனிந்து நீவிக்கொண்டே, "போதும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை போகலாமா, முகத்தில் விழிக்கலாமா என்று தயங்கித் தயங்கித்தான் தெருமுனையில் நின்றேன். மேகம் மூட்டமாக இருந்தது. அவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"வாரும் வாத்தியாரே! இன்னைக்கு வெயில் கிடையாது. கொஞ்சம் நீட்டியே சொல்லும்!"