படம் பொய்தான், சேதி?

நனைந்த குடைகளின் வாடை எனக்குப் பிடிக்கும் என்றால் சிரிப்பீர்கள். நேற்று பலாபத்வலையில் பஸ் ஏறியதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. மாத்தளையில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்த முதல் மழைக்காலத்துக்கே போய்விட்டேன்.

அங்கே புதிய மாணவர்களுக்கான தகவல் தேடல் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். ஒரு செய்தியை யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறெங்கும் இருக்கிறதா என்று பார்க்கப் பழக்க வேண்டும். நான் வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களை எடுத்து, அவை எந்த நாட்டில் எடுத்தவை என்று கணினியில் கண்டுபிடித்துக் காட்டுவேன். பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். எனக்கு மந்திரவாதி என்ற நினைப்பு.

ஒரு நாள் அடைமழை. எல்லாருடைய போனிலும் ஒரே படம்: மலை சரிந்து வீடுகள் புதைந்து கிடந்தன. எல்கடுவைப் பக்கத்தார் உடனே வெளியேறுங்கள் என்று கீழே ஒரு வரி. பர்ஹானா என்ற மாணவி சட்டென்று தேடிப் பிடித்தாள்.

"பழைய படம் சேர். நம்ம நாடே இல்ல."

வகுப்பு சிரித்தது. நானும்தான், பாடம் பலித்துவிட்டதே.

செல்வி சிரிக்கவில்லை. எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீடு. "படம் பொய்தான் சேர். சேதியும் பொய்யான்னு யாரும் பாக்கலியே?"

என் பாடம் படத்தோடு நின்றிருந்தது. அவள் தாண்டிப் போனாள். அரசாங்கத்தின் மண்சரிவு அறிவித்தலைத் தேடி எடுத்தாள். சிங்களத்தில் இருந்ததைப் பர்ஹானா வாசித்துச் சொன்னாள். அன்று காலை வந்த சிவப்பு எச்சரிக்கையில் செல்வியின் தோட்டம் இருக்கும் நிர்வாகப் பிரிவும் இருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"நாங்க பாக்காத மழையா புள்ள?" என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"பின்சுவருல புதுசா வெடிப்பு இருக்கான்னு பாருங்கப்பா."

மழைக்குள் அவர் வீட்டின் பின்பக்கம் நடந்துபோகும் சத்தம் போனில் கேட்டது. பிறகு மெதுவாக, "இருக்கு" என்றார்.

"அப்ப எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருங்க. ஆட்டையும் அவுத்து விட்டுருங்க."

அன்று மாலை மலை இறங்கியது. லயத்தில் ஒருவரும் இல்லை.

செய்தி வந்தபோது புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட ஒரு கேள்வியால் எத்தனை உயிர்கள் பிழைத்திருந்தன.

பின்னொரு நாள் செல்வியின் அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். "எங்க வாசல் அந்தா அங்கதான் சேர் இருந்துச்சு" என்று கை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் வாசல் இல்லை. வாசல் நிற்க நிலமும் இல்லை. வெறும் ஆகாயம்தான் இருந்தது.