கஸ்தூரியக்கா படத்துக்கு மாலை போட்டது யார்?

திருவண்ணாமலைக்கு இதுவரை நான் போனதெல்லாம் வீட்டார் இழுத்துப் போனதால்தான். கிரிவலம், கூட்டம், கால்வலி, திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே தூக்கம். போன மாதம் போனது வேறு காரணத்துக்கு. ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் மாதத்தின் கடைசி சனிக்கிழமை மாலை மூன்று கேலரிகள் ஒரே நேரத்தில் புதுக் கண்காட்சி திறக்கின்றன என்று நண்பன் ஒரு ரீல்ஸ் அனுப்பினான். நுழைவு இலவசம், டீயும் இலவசம். சும்மா கொடுக்கிறவர்கள் பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் கிளம்பினேன். சந்தேகப் புத்தி என்று திட்டுங்கள், பரவாயில்லை.

வேலூரில் மதியம் 2.15க்கு பஸ். போளூர் வழியாக எண்பது கிலோமீட்டர் சொச்சம். 4.40க்கு இறக்கிவிட்டான். பஸ் ஸ்டாண்ட் அருகே 700 ரூபாய்க்கு அறை கிடைத்தது. ஆசிரமம் பக்கம் இதே அளவு அறை 1,800. சுவரில் ஒரு ஓம் கூடுதலாக இருக்கும். பௌர்ணமியை ஒட்டிப் போனால் இரண்டுமே கிடைக்காது.

கேலரித் தெரு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். பக்கத்தில் நாற்பது வயதுள்ள ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஃப்ரீ பஸ்ஸில் வந்தவர், பெயர் கஸ்தூரி.

“ஆசிரமம் பக்கம் படம் மாட்டி வெச்சிருக்காங்களாமே, அங்க எறக்கி உடுங்க” என்றார் டிரைவரிடம்.

“கேலரியா? அங்க வெள்ளக்காரங்கதான் ஜாஸ்தி, நம்ம ஆளுங்க கம்மி. நீங்க எதுக்குக்கா போறீங்க?”

“எனக்குக் காரியம் பண்ணியிருக்காங்களாம். பாத்துட்டு வரலாம்னு.”

டிரைவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“போன வருசம் மல்லாட்டச் செடியில கடல ஆஞ்சிட்டிருந்தப்ப ஒருத்தர் வந்து ஃபோட்டோ புடிச்சாரு. சிரிக்காதீங்கன்னாரு. சரின்னு சிரிக்கல. அத இப்ப பெருசா மாட்டி, மால போட்டு, வெளக்கு ஏத்தி வெச்சிருக்காங்க. தெறக்கறதுக்கு முன்னாடியே அவங்க ஃபோன்ல போட்டத நாத்தனார் பொண்ணு நேத்து பாத்துட்டு எல்லாருக்கும் அனுப்பிட்டா. செஞ்சியில எங்கம்மா, மால எறங்குற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு காலையிலேர்ந்து உக்காந்துனு கீது.”

எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? இவரையே கேலரிக்காரர்கள் ஏற்பாடு செய்திருப்பார்களோ என்று. இந்த ரீல்ஸ் காலத்தில் எதை நம்புவது?

6.10க்கு உள்ளே போனோம். வாடகை வீட்டின் கார் ஷெட்டுக்கு வெள்ளையடித்து கேலரி ஆக்கியிருந்தார்கள். மண் குவளையில் எலுமிச்சைப்புல் டீ. கசங்கியிருந்தாலும் விலை அதிகமென்று தெரிகிற பருத்தி உடைகள். வாசலில் ஃபோட்டோகிராபரின் சொந்தப் படமும், அவர் எந்தெந்த நாட்டில் பரிசு வாங்கினார் என்று பதினெட்டு வரிகளும். உள்ளே பன்னிரண்டு படங்கள். ‘உழைப்பு 1’ முதல் ‘உழைப்பு 12’ வரை அட்டைகள். பன்னிரண்டையும் குனிந்து படித்தேன். ஒன்றில்கூட உழைத்தவர் பெயர் இல்லை.

நடுச்சுவரில் கதவு அளவுக்கு ‘உழைப்பு 7’. கஸ்தூரியக்கா. சம்பங்கி மாலை, கீழே குத்துவிளக்கு. சாவு வீட்டில் பதினாறாம் நாள் பார்ப்போமே, அதே மாதிரி.

அக்கா தன் படத்தின் கீழேயே பத்து நிமிடம் நின்றார். ஒருவருக்கும் முகம் ஒத்துப்போவதாகப் படவில்லை. ஃபோட்டோகிராபர் வந்தார், வடக்கத்திக்காரர். கைகூப்பி, “வணக்கம் அம்மா, டீ சாப்பிடுங்க” என்றார். வேறு யாரோ படமெடுக்க வசதியாக, அக்காவின் தோளைத் தொட்டு அவரை ஓரமாக நகர்த்தினார். ஒரு வருடம் தன் கணினியில் வைத்துப் பார்த்த முகம் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“மாலய எறக்குங்க.”

“அம்மா, இது ரெஸ்பெக்ட். உங்க கல்ச்சர்.”

“எங்க ஊட்ல செத்தவங்க படத்துக்குத்தான் இப்படிப் போடுவோம். இது நானு.”

அவர் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “சாரி அம்மா. இப்ப டச் பண்ணாதீங்க ப்ளீஸ். ஷோ முடியட்டும்.”

“ஷோ முடியிற வரைக்கும் நான் செத்தே இருக்கணுமா?”

டீ மேசையருகே இருந்த ஸ்டூலை அக்கா இழுத்துப் போட்டு ஏறினார். மாலையைக் கழற்றினார். அதிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி விளக்கை அணைத்தார். கூட்டம் கை தட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். நாலைந்து பேர் வீடியோ எடுத்தார்கள். ஃபோட்டோகிராபரும் சுதாரித்துக்கொண்டு கை தட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆட்டோவில் நானும் இதையேதான் நினைத்தேன் என்பது அந்த ஆத்திரத்துக்குள் முள்ளாக இருந்தது.

“எம்பேரு எங்க போட்டிருக்கு தம்பி?”

“போடலக்கா.”

“பேனா கீதா?”

கொடுத்தேன். ‘உழைப்பு 7’ அட்டையில், மீதியிருந்த வெள்ளைப் பகுதி முழுக்க, ‘கஸ்தூரி, கீழ்பென்னாத்தூர்’ என்று எழுதினார். பிறகு படத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

“புடி தம்பி. இப்ப சிரிக்கிறேன்.”

என் ஃபோனிலிருந்து செஞ்சியில் அவருடைய அம்மாவின் பக்கத்து வீட்டு நம்பருக்கு அனுப்பினேன். 6.55க்கு பதில் வந்தது. ஒரு கிழவியின் குரல்: “பல்லு தெரியாம சிரிடி கழுத. சோறு போட்டுக்கினேன்.” அக்கா அதை மூன்று தடவை கேட்டார். அந்த டீயைக் குடிக்காமலே கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மற்ற இரண்டு கேலரிகளுக்கும் போனேன். ஒன்றில் மலையின் நீர்வண்ண ஓவியங்கள். உண்மையிலேயே நன்றாக இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போகிறவர்களுக்கு: ஆறு மணிக்கே போய்விடுங்கள், ஏழுக்குமேல் நிற்க இடமில்லை. ஷேர் ஆட்டோ போதும். தனி ஆட்டோ நூறு கேட்பார்கள். செருப்பை வாசலில் விட வேண்டும், பழையதைப் போட்டுப் போங்கள். சாப்பாட்டை டவுனில் முடித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஒரு பேனா கொண்டுபோங்கள். பதினொரு அட்டைகளில் இன்னும் இடம் காலியாக இருக்கிறது.