கோயிலுக்கு நேர்ந்த சக்கை

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆகப் பெரிய பலாச்சக்கை கொண்டுபோனவன் நான்தான். பொய். கொண்டுபோனது உண்மை; அது எங்கள் மரத்துச் சக்கை இல்லை. எங்கள் சக்கை அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே என் வயிற்றுக்குப் போய்விட்டது.

எனக்குக் கையெழுத்துப் போடவே அரை நாள் ஆகும். நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். இந்த மகளுக்குத்தான் அப்போது காய்ச்சல். எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். பிள்ளை நாலு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். என் பெண்டாட்டி விளைத் தோப்புக்குப் போய், பலாமரத்தில் முதலில் பிடித்த பிஞ்சின் காம்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, "பிள்ள எழும்பினா இது கோயிலுக்கு" என்று நேர்ந்தாள். பிள்ளை எழும்பினாள். பிஞ்சும் பெருத்தது.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு அது பழுத்து மணத்தது. பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். சும்மா மோந்து பார்க்கத்தான் போனேன். பக்கத்து விளைக்காரனும் மணம் பிடித்து வந்துவிட்டான். பார்த்தால் ஓரத்தில் அணில் கடித்த தடம்.

"அணிலு கடிச்சத கர்த்தருக்குக் குடுக்கலாமாலே?" என்று கேட்டேன்.

"குடுக்கப்பிடாது மக்கா. பாவம்" என்று அவன் கத்தியை எடுத்தான்.

நல்ல வரிக்கை. சுளை கெட்டியாக, கல்கண்டு மாதிரி இருந்தது. தின்று முடித்த பிறகுதான் பயம் வந்தது. குருவையெல்லாம், ஒரு கொட்டை விடாமல், மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் புதைத்தேன். மறுநாள் தக்கலைச் சந்தைக்கு ஓடி, அதைவிடப் பெரிதாக ஒன்றை வாங்கி, அதே சிவப்புத் துணியைக் காம்பில் கட்டி வைத்தேன்.

பண்டிகையன்று, தாய்வீட்டிலிருந்து திரும்பிய பெண்டாட்டி பின்னால் வர, அதைத் தலையில் சுமந்து கோயிலுக்குள் போனேன். வாழைக்குலை, நெற்கதிர், காலைக் கட்டிய சேவல் எல்லாவற்றுக்கும் நடுவில் அதுதான் ராஜா மாதிரி இருந்தது. சபைப் போதகரான ஐயர் அதைப் பார்த்து, "இந்தச் சகோதரனுடைய விளையை ஆசீர்வதித்தீரே ஆண்டவரே" என்று ஜெபித்தார். நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து ஏலத்தில் ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அதை எடுத்தார். அங்கேயே வெட்டி எல்லாருக்கும் ஒரு சுளை கொடுப்பது எங்கள் சபை வழக்கம். கத்தி இறங்கியது. சுளை சுளையாக வரவில்லை. கஞ்சி மாதிரி வழிந்தது. கூழன் சக்கை.

உபதேசியார் என்னைப் பார்த்தார். "ஓய், ஒமக்க மரம் வரிக்கைல்லா? இது கூழனா இருக்கே."

"ஐயருக்க ஜெபத்துல உருகிப்போச்சு உபதேசியாரே."

சபையே சிரித்தது. பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. சிவப்புத் துணியை அவிழ்த்து மடித்து முந்தியில் முடிந்துகொண்டாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

வீட்டில் மத்தியானச் சோற்றுக்குச் சக்கைக்குருக் குழம்பு. மூன்றாவது உருண்டை வாய்க்குள் போகும்போதுதான் யோசித்தேன்: கூழன் குரு உபதேசியார் வீட்டுக்குப் போய்விட்டது. பிறகு இது எந்தக் குரு? அவள் கையைப் பார்த்தேன். நகத்தில் தொழுவத்து மண்.

"கேட்டியளா," என்றாள், "குழம்பு எப்பிடி?"

நான் என்ன சொன்னேன் என்றால், மகளே, சிரிக்காமல் எழுது, நான் சொன்னது...

"அங்க கத அளந்தது போதும்." இப்போது விளையிலிருந்து கூப்பிடுவது என் பெண்டாட்டிதான். "இந்த வருசமும் மொதச் சக்க பழுத்தாச்சு. அன்னைக்குள்ள நேர்ச்ச இன்னும் தீரல்ல. கோயிலுக்குச் சுமக்க வாருங்க. வாய வீட்டுல வச்சிற்று வாருங்க."